சொந்தமாக உருவாக்கிய எழுத்து மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

இதுவரை மூன்று புனைமொழிகளுக்கு, அதாவது நானே கற்பனையில் உருவாக்கிய மொழிகளுக்கு, எழுத்து வரைந்திருக்கிறேன். நண்பர்கள் வரைந்ததை வாங்கிப் பழுது பார்த்ததும் உண்டு. கோளாறு என்று வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். எழுத்தே சரியில்லை என்று முடிவுகட்டி, மொத்தத்தையும் கிழித்துப்போட்டு முதலிலிருந்து வரைவார்கள். முதல் மொழிக்கு நானும் நாலு தடவை அப்படிச் செய்தேன். நாலாவது எழுத்திலும் அதே கோளாறு வந்து நின்றது.

இருக்கிற பழுதுகளிலேயே செலவு அதிகம் பிடிப்பது எழுத்தை மாற்றுவதுதான். காசுச் செலவைச் சொல்லவில்லை. அகராதி, நாட்குறிப்பு, வரைபடம் என்று அதுவரை எழுதியதெல்லாம் வீணாகும். கைக்குப் பழகிப்போனதை மறக்கவைக்க வேண்டும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் சுலபமான காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வரும். வரிசையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

தொடங்கும் முன் மூன்று பொருள்கள் கையில் இருக்கட்டும். உங்கள் மொழியில் நூறு சொல்லாவது உள்ள ஒரு பத்தி. நீங்கள் நிஜமாகவே எழுதுகிற பேனா. ஒரு வாரத்துக்கு முன்பாவது எழுதிய பழைய பக்கம் ஒன்று. அரிச்சுவடி அட்டவணையை ஒதுக்கி வைத்துவிடுங்கள். கட்டத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது எந்த எழுத்தும் அழகாகத்தான் தெரியும்.

## அறிகுறி 1: நான் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை

அதிகம் பேர் கேட்பது இதுதான். என் இரண்டாவது மொழியில் ஆற்றுக்குக் ‘கெலு’, ஆட்டுக்குக் ‘கெது’. லகரம் ஒரு கொக்கி. அதன் வால் வலப்பக்கம் வளையும். தகரமும் அதே கொக்கி. வால் மட்டும் இடப்பக்கம். அட்டவணையில் இரண்டும் பளிச்சென்று வேறாகத் தெரிந்தன. மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால், ‘ஆட்டைக் கடந்து ஊருக்குப் போனோம்’ என்று இருக்கிறது.

சோதனை. உங்கள் எழுத்துகளைப் பொருளில்லாத வரிசையில் கலைத்துப் போட்டு, நூறு எழுத்து வேகமாக எழுதுங்கள். சொற்றொடராக எழுதக் கூடாது. எழுதினால் மூளை முன்பின் பார்த்து ஊகித்துவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும். தாளை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு, எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றையும் தமிழில் பெயர்த்தெழுதுங்கள். எதை எதுவாகப் படித்தீர்கள் என்பதை இணை இணையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 24 எழுத்து இருந்தால் குழம்ப வாய்ப்புள்ள இணைகள் 276. 30 எழுத்து என்றால் 435. பயப்பட வேண்டாம். தவறுகள் பெரும்பாலும் மூன்று நான்கு இணைகளில்தான் போய்க் குவியும்.

### தவறு எல்லா எழுத்திலும் பரவலாக இருந்தால்

பேனாவும் அளவும்தான் காரணம். தடித்த முனையால் சின்னக் கோட்டுக்குள் எழுதினால் சுழிகள் அடைந்து பொட்டாகிவிடும். மெல்லிய முனைக்கு மாறி, ஒன்றரை மடங்கு பெரிதாக எழுதி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தவறு பாதிக்கு மேல் குறைந்தால் எழுத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

### ஓரிரு இணையில் மட்டும் இருந்தால்

இணையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எதை? உங்கள் நூறு சொல் பத்தியில் இரண்டும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, குறைவாக வருவதை மாற்றுங்கள். பழைய பக்கங்களில் திருத்தும் வேலை மிச்சம்.

மாற்றும்போது புதிதாக வரையாதீர்கள்; இருப்பதில் ஒன்றைக் கூட்டுங்கள். இதற்கு நம் எழுத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பழைய சுவடிகளில் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரே மாதிரிதான் கிடக்கும். குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இதைச் சரிசெய்தபோது எழுத்தையே அழித்து வரையவில்லை. ஏகாரத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார், ஓகாரத்துக்கு ஒரு சுழி, நெடில் கொம்புக்கு மேலே ஒரு சுழிப்பு. அவ்வளவுதான். முன்பு எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மறுநாளே புதியதையும் படித்திருப்பார்கள்.

எங்கே கூட்டுவது என்று தெரியாவிட்டால், எழுதிய வரியின் மேல்பாதியைத் தாளால் மூடிப் படித்துப் பாருங்கள். பிறகு கீழ்பாதியை மூடிப் படியுங்கள். எந்தப் பாதியை மூடினால் அதிகம் தடுமாறுகிறீர்களோ, உங்கள் கண் அந்தப் பாதியைத்தான் நம்பியிருக்கிறது. வேறுபாட்டை அங்கே வையுங்கள். என் கொக்கிக்கு வேறுபாடு வாலில், அதாவது கண் போகாத இடத்தில் இருந்தது. தகரத்தின் தலையில் ஒரு குறுக்குக் கோடு போட்டதும் ஆடும் ஆறும் பிரிந்தன.

### குழம்பும் இணைகள் எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால்

ஆங்கிலத்தின் சிறிய பி-யையும் டி-யையும் குழந்தைகள் மாற்றி எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பிப் போட்டாலும் அது அதே பொருள்தான் என்று நினைக்கப் பழகிய கண், எழுத்துக்காக அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் திருப்பவே கூடாதா? கூடும். 1840-ல் ஜேம்ஸ் எவான்ஸ் கனடாவின் கிரீ மொழிக்கு வடிவமைத்த எழுத்தில் ஒரே வடிவத்தைத் திருப்பித் திருப்பித்தான் உயிர் ஒலியைக் காட்டுவார்கள். அது குழப்பாமல் இருப்பதற்குக் காரணம், திருப்புவதற்கு எழுத்து முழுவதும் ஒரே அர்த்தம் இருப்பதுதான். உங்கள் எழுத்தில் ஓரிடத்தில் திருப்பினால் ககரம் அழுத்தமாகிறது, இன்னோரிடத்தில் திருப்பினால் மகரம் லகரமாகிறது என்று இருந்தால் அதுதான் நோய். விதியை ஒரே மாதிரியாக்குங்கள். முடியாத இடத்தில் ஒரு கோடு சேர்த்துப் பிரியுங்கள்.

### மேலே எதுவும் பலிக்கவில்லை என்றால்

எல்லா எழுத்தும் ஒரே எலும்புக்கூட்டில் நிற்கிறது. ஒரு வட்டம், ஒரு கம்பு, அதையே இடம் மாற்றி மாற்றி இருபது எழுத்து. திட்டம் போட்டு வரையும் எல்லோருக்கும் இது வரும். ஒழுங்கு அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடுவோம்.

எழுத்துகளைச் சீட்டுகளில் எழுதிக் குவியலாகப் பிரியுங்கள்: மூடிய வடிவம், திறந்த வடிவம், வளைவு, மூலை, மேலே நீள்வது, கீழே இறங்குவது. ஒரே குவியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்தால் அந்தக் குவியலில்தான் சிக்கல். அதில் பாதியைக் கோட்டுக்கு மேலே நீட்டுங்கள் அல்லது கீழே இறக்குங்கள். வடிவம் அதேதான், உயரம்தான் வேறு. அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் அந்தக் குவியலைத் திரும்ப வரையலாம், மற்றதைத் தொடாமல்.

## அறிகுறி 2: வேகமாக எழுதினால் வடிவம் கரைகிறது, கை வலிக்கிறது

அடிக்கடி வரும் ஒரு சொல்லை ஒரு நிமிடம் விடாமல் எழுதுங்கள். முதலில் உருக்குலையும் எழுத்து எது என்று பாருங்கள். அது எப்படி உருக்குலைகிறது என்பதையும் பாருங்கள். நிமிடத்தின் கடைசியில் கை போட்ட வடிவம் பல நேரம் நீங்கள் வரைந்ததைவிட நல்ல வடிவமாக இருக்கும். வேறெந்த எழுத்தோடும் அது மோதவில்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். என் மூன்றாவது மொழியின் அரிச்சுவடியில் ஐந்து எழுத்து கை திருத்திக் கொடுத்ததுதான்.

மோதுகிறது என்றால் பேனாவை எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். மூன்று முறைக்கு மேல் தூக்க வேண்டிய எழுத்து உங்கள் மொழியில் அதிகம் வரும் ஒலிக்கு இருந்தால், அதை அரிதாக வரும் ஒலியோடு இடம் மாற்றலாம். வடிவம் எதையும் வரைய வேண்டாம். ஆனால் பழைய பக்கங்கள் படிக்கச் சிரமமாகும், அதனால் அகராதி பெருகுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

உயிர்க்குறிகள்தான் கையை அதிகம் தூக்க வைக்கும். அதிகமாக வரும் உயிருக்குக் குறியே இல்லாமல் விடுவது ஒரு வழி. நாம் ‘க’ என்று எழுதினால் அதற்குள் அகரம் தானாக உட்கார்ந்திருக்கிறதே, அது மாதிரி. உங்கள் மொழியில் அந்த இடம் அகரத்துக்குத்தான் என்று இல்லை. எண்ணிப் பார்த்ததில் என் மொழியில் எகரம்தான் முன்னால் நின்றது. அதற்கு விட்டுக்கொடுத்தேன், பக்கத்தில் மூன்றிலொரு பங்குக் குறிகள் காணாமல் போயின.

இன்னொன்று, எழுத்து முடியும் இடம். இடமிருந்து வலம் போகும் எழுத்து என்றால் பேனா வலப்பக்கத்தில் முடிய வேண்டும். இடக்கீழ் மூலையில் முடிந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் கை திரும்பி வந்து போகிறது. கோட்டை எந்த முனையில் தொடங்குகிறீர்கள் என்பதை மாற்றினாலே இது பாதி நேரம் சரியாகிவிடும். எழுதிய மை கையில் ஒட்டித் தேய்கிறதா? வலக்கையால் வலமிருந்து இடமாகவோ, இடக்கையால் இடமிருந்து வலமாகவோ எழுதுகிறீர்கள். சீக்கிரம் உலரும் மைக்கு மாறுங்கள். அதற்காகத் திசையை மாற்ற வேண்டாம்.

தமிழோ ஆங்கிலமோ எழுதினாலும் கை வலித்தால் அது எழுத்தின் கோளாறே இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி 3: தனித்தனியாக அழகு, பக்கமாகப் பார்த்தால் திட்டுத்திட்டு

கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கத்தைப் பாருங்கள். எழுத்து மறைந்து சாம்பல் பட்டைகளாகத் தெரிய வேண்டும். கறுப்புத் திட்டோ வெள்ளைப் பொத்தலோ தெரிந்தால் அந்த இடத்தில் எந்த எழுத்து என்று குறியுங்கள்.

பொத்தல் என்றால் இடைவெளிதான். நேர்க்கோட்டுப் பக்கம் இரண்டு அருகருகே வந்தால் இடைவெளி அதிகம் வேண்டும். வளைவும் வளைவும் சேர்ந்தால் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்ததுதான் தப்பு. வட்ட எழுத்துகள் மட்டும் குள்ளமாகத் தெரிந்தால், அவற்றைக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு மயிரிழை தாண்டவிடுங்கள். 1000 அலகு உயர எழுத்துருவில் 10 முதல் 15 அலகு போதும். கறுப்புத் திட்டு என்றால் அந்த எழுத்தில் கோடுகள் அதிகம். அகலமாக்கிப் பாருங்கள். கோட்டைக் குறைப்பது அதற்கு அப்புறம்.

## அறிகுறி 4: ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுகிறேன், சில சொல்லை எழுதவே வரவில்லை

இது கைக்கோளாறு இல்லை, கணக்குக்கோளாறு. எழுத்தும் ஒலியும் பொருந்தவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் எழுத்து வேறொரு மொழியின் முகமூடியா என்பது. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கும் ஒவ்வொரு படம் வரைந்திருந்தால் அது மறைகுறிதான். உங்கள் மொழியில் இல்லாத ஒலிக்கு எழுத்து இருக்கும், இருக்கிற ஒலிக்கு இருக்காது. தமிழ் பேசுபவர்கள் இன்னொரு விதமாக மாட்டுவோம். தெரியாமலே நம் வரிசையைத் தூக்கி வைத்துவிட்டு, ஒலிக்காத ஞகரத்துக்கு ஒரு வடிவத்தைச் சும்மா சுமந்துகொண்டிருப்போம். நான் சுமந்தேன், இரண்டு வருடம்.

சோதனை. அகராதியிலிருந்து ஐம்பது சொல் எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பூஜ்யம் வந்ததைத் தூக்கிவிடுங்கள்.

எழுத்து போதவில்லை என்று தோன்றினால் புதிது வரையும் முன் ஒரு கேள்வி: அந்த ஒலி எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ககரம் ஒலிப்பது வேறு வேறு. ஆனால் சொல்லின் முதலிலா, மெல்லினத்துக்குப் பிறகா, உயிர்களுக்கு நடுவிலா என்பதைப் பார்த்தே சரியாகப் படித்துவிடுகிறோம், ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு. உங்கள் மொழியிலும் இடம் ஒலியைக் காட்டிக்கொடுத்தால் புது எழுத்து வேண்டாம். காட்டாவிட்டால், அந்த ஒலியை மாற்றினால் வேறு சொல் ஆகிறது என்றால், அதற்கு எழுத்து வேண்டும். தப்பிக்க முடியாது.

எழுத்து இருந்தும் அடுக்கு வராமல் போவது கடைசிக் காரணம். அசைக்கு ஓர் எழுத்து என்று வைத்துவிட்டு, மொழியில் மூன்று மெய் சேர்ந்து வரும் சொற்களை வைத்திருப்பீர்கள். செரோக்கி மொழிக்கு 1821-ல் செக்வோயா முடித்த அசையெழுத்தில் இன்று 85 எழுத்து. அந்த மொழியின் அசைகள் பெரும்பாலும் மெய்யும் உயிருமாக எளிமையாக இருப்பதால் அது பொருந்தியது. உங்கள் மொழியில் ‘ஸ்த்ர’ மாதிரிக் கூட்டம் நிறைய இருந்தால் அசையெழுத்து வெடித்துவிடும். உயிரை அடக்க ஒரு குறி, நம் புள்ளி மாதிரி, சேர்த்தால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால்தான் அமைப்பையே மாற்றுவது. இந்த அறிகுறியில் அதுதான் மிகப் பெரிய செலவு.

## அறிகுறி 5: காகிதத்தில் சரி, கணினியில் கோளாறு

இங்கே வருவதில் முக்கால்வாசி எழுத்தின் தப்பு இல்லை, எழுத்துரு அமைப்பின் தப்பு. கீழே சொல்வது எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜை வைத்து. இலவசம், முகம் கொஞ்சம் கடுகடுப்பானது, ஆனால் வேலை நடக்கும்.

### திருத்தினேன், ஆனால் பழைய வடிவமே தெரிகிறது

கணினி பழைய எழுத்துருவை நினைவில் வைத்திருக்கிறது. செயலியை மூடித் திறங்கள். போகாவிட்டால் பழையதை நீக்கிவிட்டு, எழுத்துருவின் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துப் புதிதாக நிறுவுங்கள். சோதிக்கும் காலம் முழுக்க நான் 1, 2, 3 என்று பெயரில் எண் போட்டுக்கொண்டே போவேன். இதைத் தெரியாமல் ஒரு மாலைப்பொழுதை முழுசாகத் தொலைத்திருக்கிறேன்.

### கோடுகள் குறுக்கிடும் இடத்தில் வெள்ளை ஓட்டை

வட்டமும் கம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் வெளுத்துப்போகும். எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து முதலில் ‘ரிமூவ் ஓவர்லேப்’, பிறகு ‘கரெக்ட் டைரக்‌ஷன்’. அதற்கு முன் மூலக் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்துவையுங்கள், ஒட்டிய கோடுகளைப் பிறகு பிரிக்க முடியாது.

### கட்டம் கட்டமாகத் தெரிகிறது

உங்கள் கணினியில் சரியாகவும் அடுத்தவர் கணினியில் கட்டமாகவும் தெரிந்தால் அவரிடம் எழுத்துரு இல்லை. எழுத்துருவைப் பொதித்த பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். உங்கள் கணினியிலேயே கட்டம் என்றால், அந்த எழுத்தை எந்தக் குறியெண்ணில் வைத்தீர்கள் என்று பாருங்கள்.

உலக எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் கொடுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. புனைமொழி எழுத்தை வைக்க அதில் தனிப்பயன் பகுதி இருக்கிறது. அடிப்படைத் தளத்தில் மட்டும் 6,400 இடங்கள். யாருக்கும் ஒதுக்கப்படாதவை, யாரும் எதையும் வைக்கலாம். அதில்தான் வம்பும். படவுருக்களுக்கான எழுத்துருக்களும் அதே இடங்களைப் பிடித்திருக்கும். உங்கள் ககரம் இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று ஒரு வீட்டுப் படம் வந்தால் அதுதான் காரணம். அந்தப் பகுதியின் கடைசி இடத்தில் ஆப்பிள் கருவிகள் தங்கள் சின்னத்தை வைத்திருக்கின்றன, அதைத் தொடாதீர்கள். புனைமொழி எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருக்க கான்ஸ்கிரிப்ட் யூனிகோடு பதிவேடு என்று ஒரு தன்னார்வப் பட்டியல் உண்டு. இடம் பிடிக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

### சில எழுத்து தானாக மாறுகிறது, சிவப்புக் கோடு விழுகிறது

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உங்கள் வடிவங்களை ஏற்றியிருக்கிறீர்கள். சொற்செயலி வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. அங்கே நீங்கள் வைத்திருப்பதோ வேறு ஒலி. தற்காலிகத் தீர்வு, தானியங்குத் திருத்தத்தை அணைப்பது. நிரந்தரத் தீர்வு, தனிப்பயன் பகுதிக்குக் குடிபெயர்வது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகக் கொட்டுமே, இதுவும் அதே கதைதான்.

தமிழ் எழுத்துகளின் இடத்தில் ஏற்றினால் வேறு கூத்து. கொம்பை மெய்க்குப் பின்னால் தட்டினாலும் முன்னால் தூக்கி வைப்பது கணினி தமிழுக்காகச் செய்யும் வேலை. உங்கள் எழுத்துக்கும் அதைச் செய்துவிடும். தனியாக நிற்கும் உயிர்க்குறியின் பக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றும் முளைக்கும். இதற்கு வைத்தியம் இல்லை, இடம் மாறுங்கள்.

### உயிர்க்குறி எழுத்தின் மேல் உட்காராமல் பக்கத்தில் விழுகிறது

சுலபமான காரணம், குறியின் அகலம் பூஜ்யமாக இல்லை. பூஜ்யமாக்கி, வடிவத்தைத் தொடக்கக் கோட்டுக்கு இடப்பக்கமாக நகர்த்துங்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்றால் இதோடு முடிந்தது.

அகலம் மாறினால் குறி சிலவற்றில் நடுவிலும் சிலவற்றில் ஓரத்திலும் விழும். அப்போது நங்கூரப் புள்ளி வேண்டும். மெய்யில் ஒரு புள்ளி, குறியில் ஒரு புள்ளி, இரண்டும் ஒன்றாகப் பொருந்தும்படி ‘மார்க்’ என்ற விதியில் சேர்க்க வேண்டும். சேர்த்தும் அசையவில்லையா? அந்தக் குறியின் வகை இன்னும் சாதாரண எழுத்து என்றே இருக்கும். அதைக் குறி என்று மாற்றுங்கள். குறிமேல் குறி ஏறினால் ‘எம்கேஎம்கே’ என்று தனி விதி. அதுவும் இல்லாமல் சொல்லைப் பொறுத்து வடிவம் மாற வேண்டும் என்றால், கீழே கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

### வலமிருந்து இடம் போக வேண்டியது இடமிருந்து வலம் போகிறது

தனிப்பயன் பகுதியில் உள்ள எல்லாவற்றையும் கணினி இடமிருந்து வலம் என்றே எடுத்துக்கொள்ளும். எழுத்துருவில் இதை மாற்ற வழியில்லை. வரியின் தொடக்கத்தில் திசை மாற்றும், கண்ணுக்குத் தெரியாத குறியை இட்டு, முடிவில் அதை மூடும் குறியை இடுங்கள். வடிவங்களைக் கண்ணாடிப் பிம்பமாக வரைந்து ஏமாற்றப் பார்க்காதீர்கள். ஒரு தடவை செய்தேன். ஒரு சொல்லைத் தேட வேண்டியபோதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

மேலிருந்து கீழ் என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு. எல்லா எழுத்தையும் படுக்கவைத்து எழுத்துரு செய்து, தட்டி முடித்தபின் பக்கத்தைத் திருப்புங்கள். சிரிக்காதீர்கள், அச்சுக்கு இதுதான் தொந்தரவில்லாத வழி.

### வரி உடையாமல் பக்கத்தைத் தாண்டி ஓடுகிறது

சொற்களுக்கு நடுவில் இடைவெளி விடாத எழுத்தாக இருக்கும். கணினிக்கு எங்கே மடிப்பது என்று தெரியாது. சொல் முடியும் இடத்தில் அகலமில்லாத இடைவெளியைத் தட்டுங்கள். விசைப்பலகையில் அதற்கு ஒரு விசை ஒதுக்கிவிட்டால் கை பழகிவிடும்.

## அறிகுறி 6: சொல்லிக்கொடுத்தால் பாதியில் விட்டுவிடுகிறார்கள்

எத்தனை எழுத்து என்பதைவிட எத்தனை விதிவிலக்கு என்று எண்ணுங்கள். தமிழ் 247 என்று பயமுறுத்தினாலும், கற்பவர் படிப்பது முப்பது வடிவமும் சில குறிகளும்தான். மிச்சம் பெரும்பாலும் பெருக்கல். ஆனால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பெருக்கலுக்கு அடங்காமல் தனி வடிவமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1978-ல் தமிழ்நாட்டு அரசு அவற்றை மற்ற எழுத்துகளைப் போலவே எழுதச் சொல்லி ஆணையிட்டது. பழைய லை போட்டுப் பழகிய கைகள் இன்றும் அதைத்தான் போடுகின்றன.

நீங்கள் அழகுக்காக வைத்த கூட்டெழுத்துகளை எழுதிப் பட்டியலிடுங்கள். பத்துக்கு மேல் போனால், கற்பவருக்கு அவை இல்லாமல் ஓர் எளிய வடிவம் கொடுங்கள். கூட்டெழுத்தை எழுத்துருவின் விருப்பத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்.

‘இது ஏற்கெனவே எங்கேயோ பார்த்த எழுத்து மாதிரி இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். செரோக்கியில் ஆங்கில டபிள்யூ மாதிரி ஒன்று ‘ல’-வாகவும், டி மாதிரி ஒன்று ‘அ’-வாகவும் ஒலிக்கும். எளிய வடிவங்கள் உலகத்தில் கொஞ்சம்தான். ஓரிரண்டு ஒத்துப்போனால் விடுங்கள். பாதி எழுத்து ஒரே மூலத்திலிருந்து வந்த மாதிரித் தெரிந்தால் மட்டும் குவியல் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

## எப்போது வேறொருவரைக் கூப்பிட வேண்டும்

நங்கூரப் புள்ளிக்கு மேலே போனால், அதாவது முன்பின் எழுத்தைப் பார்த்து வடிவம் மாறுவது, கொரிய எழுத்தைப் போல மூன்று நான்கு எழுத்து ஒரே சதுரத்துக்குள் அடங்குவது என்று வந்தால், எழுத்துருப் பொறியாளர் தேவை. கொரிய எழுத்துக்கு இன்று 24 அடிப்படை எழுத்துதான். ஆனால் சேர்ந்து நிற்கும் சதுரங்களாக யூனிகோடில் 11,172 இருக்கின்றன. இந்த மாதிரி வேலையை இரண்டு வார இறுதியில் முடிக்கலாம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். ஆறு மாதம் போனது, முடியவில்லை. கற்றுத் தெரிந்தவர் சில நாளில் முடித்துக் கொடுத்தார்.

அச்சுப் புத்தகத்துக்கோ விளையாட்டுக்கோ எழுத்துரு போகிறது என்றால், அறிகுறி 3-ஐ முழுவதும் பார்த்த பிறகு எழுத்து வடிவமைப்பாளர் ஒருவரிடம் இடைவெளிகளை மட்டும் சரிபார்க்கக் கொடுங்கள். எழுத்தையே திருத்தச் சொல்லாதீர்கள். திருத்தினால் அது அவருடைய எழுத்தாகிவிடும்.

யூனிகோடில் நிரந்தர இடம் கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அழகாக இருப்பது காரணம் ஆகாது, ஆட்கள் அந்த எழுத்திலேயே எழுதிப் பரிமாறிக்கொள்கிறார்களா என்பதைத்தான் பார்ப்பார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ கதைகளில் வரும் புனைமொழியான கிளிங்கனின் எழுத்தை 2001-ல் மறுத்தார்கள். அந்த மொழியைப் பயன்படுத்துபவர்களே பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் எழுதினார்கள். ஆங்கிலத்துக்காக உருவாக்கிய ஷேவியன் 2003-ல் இடம் பெற்றது. கினியைச் சேர்ந்த பாரி சகோதரர்கள் சிறுவர்களாக இருந்தபோது புலார் மொழிக்கு உண்டாக்கிய அட்லம் 2016-ல் உள்ளே வந்தது. அதற்குள் அந்த எழுத்தில் படிக்கவும் எழுதவும் பல நாடுகளில் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் எழுத்தும் புனைமொழியைத் தாண்டி, நிஜமாகப் பேசும் ஒரு சமூகத்துக்குப் போகிறது என்றால் மொழியியலாளர் ஒருவரையும் அந்த மொழி பேசுபவர்களையும் உட்காரவைக்காமல் ஒரு கோடுகூடப் போடாதீர்கள்.

யாரிடம் கொடுத்தாலும் இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்: நூறு சொல் பத்தி, அதன் ஒலிபெயர்ப்பு, கையால் வேகமாக எழுதிய பக்கத்தின் தெளிவான படம், எழுத்துருவின் மூலக் கோப்பு, எந்த இணையில் எத்தனை முறை தடுமாறினீர்கள் என்ற பட்டியல். அட்டவணையை மட்டும் அனுப்பினால் ‘ரொம்ப அழகா இருக்கு’ என்றுதான் பதில் வரும்.